பூச்சிகளை எண்ண எந்தச் சமன்பாடு?

பூச்சிகளின் எண்ணிக்கை காலப்போக்கில் எப்படி மாறும் என்று கணிக்க இரண்டு வகைச் சமன்பாடுகளைப் பார்ப்போம். 1838-இல் பெல்ஜியக் கணிதவியலர் வெர்ஹுல்ஸ்ட் தந்த வகையீட்டுச் சமன்பாடு (ஒவ்வொரு கணத்திலும் மாறும் வேகத்தைச் சொல்வது), காலத்தை இடைவிடாத ஓட்டமாகக் கொள்கிறது. எண்ணிக்கை ஏறி, சூழலின் தாங்குதிறனை நெருங்கி அடங்கிவிடும். தலைமுறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் அசுவினி போன்றவற்றுக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் ஏற்ற இறக்கத்தை இதனால் காட்டவே முடியாது.

ஆண்டுக்கு ஒரே தலைமுறை காணும் பூச்சிகளுக்கு, தலைமுறை தலைமுறையாகத் தாவிக் கணக்கிடும் வேறுபாட்டுச் சமன்பாடே சரி: அடுத்த தலைமுறை = r × x × (1 − x). இங்கே x, இப்போதைய எண்ணிக்கை உச்ச அளவில் எத்தனை பங்கு என்பது; r, பெருக்க வீதம். r = 2.5 எனில் எண்ணிக்கை 0.6-இல் நிலைகொள்ளும். r = 3.2, தொடக்கம் 0.2 என்று போட்டுப் பாருங்கள்: 0.512, 0.80, 0.51, 0.80... ஓர் ஆண்டு பெருக்கம், மறு ஆண்டு சரிவு. r ஏறக்குறைய 3.57-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஒழுங்கின்மைதான். வானிலையின்மீது பழி போடத் தேவையே இல்லை! 1976-இல் சூழலியலர் ராபர்ட் மே இதைத்தான் வலியுறுத்தினார்.

என் தேர்வு இரண்டாவது. ஆனால் 1950களில் பூச்சியியலர் நிக்கல்சன் ஆய்வகத்தில் வளர்த்த ஈக்கள் இரண்டுக்கும் அடங்கவில்லை. தலைமுறைகள் கலந்திருந்தும் எண்ணிக்கை ஊசலாடியது. முட்டை ஈயாக வளர ஆகும் தாமதத்தையும் சமன்பாட்டில் சேர்த்தபோதே அந்த ஊசல் கிடைத்தது.