பைனரி வாட்ச்சா, எழுத்து வாட்ச்சா, இல்ல பழைய கேசியோவா?

வித்தியாசமா டைம் காட்டுற வாட்ச் வாங்கப் போறீங்கன்னா மொதல்ல ஒண்ணு யோசிச்சுக்கோங்க, நீங்க பைக் ஓட்டுற ஆளா இல்லையா. ஏன்னா இந்த மாதிரி வாட்ச்சுங்கள்ல பல மாடல்ல பட்டன அமுக்குனாதான் மணியே தெரியும். இது இன்னிக்கு நேத்து கத இல்ல, 1972ல வந்த மொத எல்ஈடி டிஜிட்டல் வாட்ச், ஹாமில்டன் பல்சர், தங்கத்துல பண்ணி 2,100 டாலருக்கு வித்தாங்க, அதுலயும் பட்டன்தான். எல்ஈடி கரண்ட்ட அப்படி குடிக்கும், எப்பவும் எரிஞ்சிட்டே இருந்தா பேட்டரி தாங்காது.

பைனரி வாட்ச்ல நம்பரே கெடையாது, வெறும் புள்ளி லைட்டுதான். மேல் வரிசைல நாலு, அதாவது 8, 4, 2, 1, இது மணி. கீழ ஆறு, 32ல ஆரம்பிச்சு பாதி பாதியா கொறஞ்சு 1 வரைக்கும், இது நிமிஷம். எரியறத மட்டும் கூட்டிக்கணும். மேல 8ம் 2ம், கீழ 32ம் 4ம் 1ம் எரிஞ்சா 10:37, அவ்ளோதான். ஆரம்பத்துல தல சுத்தும், பழகிட்டா கூட்டவே தேவ இல்ல, பாத்தவொடனே புரிஞ்சிடும்.

எழுத்து வாட்ச்சுன்னா ஜெர்மனிக்காரங்களோட க்ளாக்டூ. 110 எழுத்து கட்டம் கட்டமா இருக்கும், பட்டன தட்டுனா தேவையான எழுத்து மட்டும் எரிஞ்சு மணிய வாக்கியமா சொல்லும். அழகுல இதுதான் ஃபர்ஸ்ட்டு, ஒத்துக்கறேன். ஆனா அஞ்சஞ்சு நிமிஷத்துக்குதான் வார்த்த மாறும், வெல வேற யூரோவுல நூத்துக்கணக்குல போவுது. "பத்தர ஆச்சு, கெளம்பு"ன்னு பேசுற வீட்டுக்கு ஓகே, கடலூர் பஸ்ஸ புடிக்க ஓடுறவனுக்கு சரிப்படாது.

வெயில்லதான் மேட்டரே. மத்தியானம் ஒரு மணிக்கு பாண்டிச்சேரி பீச் ரோட்டுல நின்னு எல்ஈடிய பாருங்க, கட்டவெரலால பட்டன அமுக்கிட்டு மீதி வெரல கூரையா வெச்சு நெழல் கட்டணும், அப்பவும் 4 எரியுதா 2 எரியுதான்னு டவுட்டு வரும். இந்திரா காந்தி சிக்னல்ல ஆக்ஸிலேட்டர்ல கை இருக்கறப்ப இதெல்லாம் நடக்குற காரியமா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டிய நிறுத்திடுவாங்கல்ல, அப்ப நடந்து போகும்போது கெத்து காட்டலாம்.

கேசியோ எஃப்-91டபிள்யூ 1989ல வந்தது, 21 கிராம்தான், ஒரு பேட்டரி ஏழு வருஷம் வரும்னு கம்பெனி சொல்லுது. இதுல இருக்கற எல்சிடி ஸ்க்ரீன் தானா வெளிச்சம் விடாது, வெளி வெளிச்சத்துலதான் தெரியும், அதனால வெயில் ஏற ஏற இன்னும் பளிச்சுன்னு இருக்கும். ராத்திரிக்கு அந்த சின்ன பச்ச லைட்டு சும்மா பேருக்குதான்.

என் ஓட்டு தெனமும் கட்ட கேசியோ, ஆசைக்கு ஒரு பைனரி. எழுத்து வாட்ச்ச யாராச்சும் கிஃப்ட்டா குடுத்தா வேணான்னு சொல்லாதீங்க. பைனரி வாங்குனா பின்மூடிய தொறந்து என்ன நம்பர் பேட்டரின்னு பாத்துட்டு வாங்குங்க, சிஆர்2032 மாதிரி சாதாரணமா கெடைக்கிற செல்லா இருந்தா நல்லது.