படகின் நீரடி விளக்கு: வெளியே பொருத்துவதா, துளையிட்டுச் செருகுவதா?

சிங்கப்பூர் மரீனா ஒன்றில் ஆண்டு முழுவதும் நீரிலேயே நிற்கும் எங்கள் 24 அடி ஃபைபர் படகுக்கு நீரடி விளக்கு வாங்க முடிவு செய்தபோது, எந்த வகையை வாங்குவது என்பதிலேயே நீண்ட நாள் தயங்கினோம். பின்பலகையின் (படகின் பின்பக்கச் சுவரின்) வெளிப்புறத்தில் திருகாணிகளால் பொருத்துவது ஒரு வகை. நீர்மட்டத்துக்குக் கீழே பெரிய துளையிட்டு, வெண்கலக் குழலைச் செருகி, உள்ளிருந்து மரையால் இறுக்குவது மற்றொரு வகை. நாங்கள் முதல் வகையைத் தேர்ந்தோம். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிவப்பொளியை நீர் விரைவில் விழுங்கிவிடும். இங்குள்ள கலங்கிய நீருக்குப் பச்சை பொருந்துகிறது. தெளிந்த நீரென்றால் நீலமோ வெள்ளையோ அழகாக இருக்கும்.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். துளைவகையின் சில மாதிரிகளில் எல்இடி பழுதானால் படகைக் கரையேற்றாமல் உள்ளிருந்தே மாற்றிவிடலாம் என்பது அதன் பெரிய பலம். ஆனால் பாசியையும் கொட்டலசையும் (படகடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) தடுக்கும் பெயின்ட் அடிப்பதற்காக எங்கள் படகை எப்படியும் ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றுகிறோம். பழுதான விளக்கு அதுவரை காத்திருக்கலாம். மேலும், வெளிச்சத்தை முதலில் மங்கவைப்பது எல்இடியின் பழுதன்று, கண்ணாடிமேல் ஒட்டும் கொட்டலசே. கண்ணாடியில் அந்தப் பெயின்ட்டை அடிக்க முடியாது என்பதால், எந்த வகையானாலும் மாதம் ஒருமுறை யாராவது நீரில் இறங்கி பிளாஸ்டிக் சுரண்டியால் தேய்த்தாக வேண்டும். வெளிப்பொருத்து விளக்கு செத்தால் இருட்டு மட்டுமே மிஞ்சும். துளைவகையின் அடைப்பு தளர்ந்தாலோ கடல் உள்ளே வரும். இதை எண்ணியபோது உள்ளிருந்து மாற்றும் வசதி எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

பொருத்தும்போது, வயரைப் பின்பலகையின் வெளிப்புறமாகவே மேலேற்றி, நீர்மட்டத்துக்கு மேலே மூடியிட்ட சிறு துளை வழியாக உள்ளே கொண்டுவந்தோம். எங்கள் பின்பலகைக்குள் இருப்பது ஒட்டுப்பலகை. நீர் புகுந்தால் உளுத்துவிடும் என்பதால் ஒவ்வொரு திருகாணித் துளையையும் எப்பாக்சியால் பூசினோம். விளக்கின் அடியில் தடவும் அடைப்புப் பசை, பின்னாளில் பிரித்தெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நிரந்தரப் பசையைப் போட்டால் கழற்றும்போது ஃபைபரின் மேற்பூச்சான ஜெல்கோட்டும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். 12 வோல்ட்டில் நீளமான மெல்லிய வயர் மின்னழுத்தத்தைத் தின்றுவிடும். ஆகவே வெள்ளீயம் பூசிய தடித்த செம்புவயரும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸும் போட்டோம்.

எங்கள் விளக்குகளுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. ஐந்தாம் ஆண்டில் அந்தத் திருகாணித் துளைகள் எப்படியிருக்கும் என்பதற்கு நான் உறுதி சொல்ல இயலாது. தடித்த உடலும், விளக்கின் பின்புறத்தை எளிதில் அணுக எஞ்சின் அறையில் இடமும், கரையேற்றப் பெருஞ்செலவும் உள்ள 50 அடிப் படகுக்காரர் துளைவகையை நாடினால் நான் தடுக்க மாட்டேன். அலுமினியப் படகில் மட்டும் வெண்கலம் நேரடியாகத் தொடும்படி பொருத்த வேண்டாம். உப்புநீரில் அரிபடுவது அலுமினியமே.

எந்த வகையானாலும் அதற்குத் தனி சுவிட்ச் வையுங்கள். படகின் இருப்பையும் திசையையும் பிறருக்குக் காட்டும் வழிகாட்டி விளக்குகளோடு குழப்பக்கூடிய வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்பது கடல் மோதல் தடுப்பு விதிகளின் 20ஆம் விதி. எனவே இரவில் படகு ஓடும்போது நீரடி விளக்கை அணைத்தே வைக்கிறோம்.