பரந்தனில் வீட்டுப்படம் வரைந்து தரும் ஒரு பணியகம்

கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தன் சந்திக்கு அயலில், கட்டிடப்படம் வரைந்து பிரதேச சபையின் அனுமதி கிடைக்கும்வரை உடன் நின்று உதவும் சிறு பணியகம் ஒன்றுக்கு என் தங்கையின் வீட்டு அலுவலாகச் சென்றிருந்தேன். எத்தனை அறை வேண்டும் என்று கேட்பதற்கு முன், காணிக்கு உறுதி (சொந்தக் காணிக்கான உரிமைப் பத்திரம்) இருக்கிறதா, உத்தரவுப்பத்திரம் (அரச காணியில் குடியிருக்க வழங்கும் அனுமதிப் பத்திரம்) இருக்கிறதா என்றே கேட்டார்கள். வன்னியில் அதுவே சரியான முதற்கேள்வி. குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அரச காணிகள் என்பதால், தகப்பன் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த துண்டுகள் பிரதேச செயலகப் பதிவில் இன்னும் ஒரே காணியாகவே கிடக்கக்கூடும். அதைச் சீர்செய்யாமல் வரையும் படத்தால் பயனில்லை.

பரந்தனுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்த இரசாயனத் தொழிற்சாலை போரினால் முடங்கிப்போக, அதன் அயலில் வளர்ந்த குடியிருப்புகள் இன்று ஏ9, ஏ35 வீதிகள் கூடும் சந்தியின் கடைகளோடும் களஞ்சியங்களோடும் இடம்பிடிக்கப் போராடுகின்றன. முன்னால் கடையும் பின்னால் வீடும் வேண்டும் என்று தங்கை சொன்னபோது, வீடென்று காட்டி அனுமதி எடுத்துவிட்டுப் பிறகு கடையாக்கும் குறுக்குவழியை அவர்கள் காட்டவில்லை. இரண்டு பயன்பாட்டையும் விண்ணப்பத்திலேயே எழுதி, வீதிப்பக்கமாக அதைத் தாண்டிக் கட்டக்கூடாத கட்டிட எல்லைக்கோட்டைக் குறித்து, கழிவுநீர் அயல்வளவுக்குள் இறங்காதபடி படத்தை மாற்றினார்கள். ஓர் ஊர் ஊராக இருப்பதற்கு இத்தகைய நேர்மை மிகவும் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்திய வீட்டுத்திட்டத்தின் 5½ இலட்சம் ரூபாய் உதவியில் எழுந்த வீடுகளைப் பெருப்பிக்க வருபவர்களிடமும், பின்புறம் விடவேண்டிய வெளியை அளந்து பார்த்த பின்னரே பேசுகிறார்கள்.

ஆனால் ஒரு குறை எனக்குப் பெரிதாகப்பட்டது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தைக் கவனமாகக் குறித்தவர்கள், தண்ணீரைப் பரிசோதிக்குமாறு சொல்லவில்லை. பழைய இரசாயனத் தொழிற்சாலைக்கு அருகில் கிணறு வெட்டும் குடும்பத்துக்கு அந்த ஆலோசனையைக் கட்டாயம் வழங்கவேண்டும்.

வரைகூலிக்கும் சபைக்குச் செலுத்தும் கட்டணத்துக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டுத் தருகிறார்கள். கட்டி முடித்தபின் குடிபுகுவதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் வேலை அந்தக் கூலிக்குள் அடங்காது என்பதால், அதை முதல்நாளே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.