கார்லண்டா, ஸ்ரீனிவாசனா? 2016இல் ஒபாமா போட்ட கணக்கு

2016 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா இறந்ததும், அந்த இடத்துக்குப் பலமாக அடிபட்ட பெயர்களில் இரண்டு மெரிக் கார்லண்ட், ஸ்ரீ ஸ்ரீனிவாசன். இருவரும் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒன்றாக இருந்தவர்கள். அதிபர் பரிந்துரைக்கும் நீதிபதியை ஏற்கவேண்டிய செனட்டோ, ஒபாமாவுக்கு எதிரணியான குடியரசுக் கட்சியின் கையில். யாரை அனுப்பினாலும் அதிபர் தேர்தலுக்கு முன் ஏற்கமாட்டோம் என்று செனட்டில் அக்கட்சியின் தலைவர் மிட்ச் மெக்கானல் அறிவித்துவிட்டார்.

வயது
கார்லண்ட்: 63.
ஸ்ரீனிவாசன்: 49. ஆயுள் முழுக்க நீடிக்கும் பதவியில் இந்த 14 ஆண்டு மிகப் பெரியது.

முன்பு மேல்முறையீட்டு நீதிமன்றப் பதவிக்கு செனட்டில் கிடைத்த ஓட்டு
கார்லண்ட்: 1997இல் 76-23.
ஸ்ரீனிவாசன்: 2013இல் 97-0.

அடையாளம்
கார்லண்ட்: ஓக்லஹோமா குண்டுவெடிப்பு வழக்கை மேற்பார்த்தவர், நடுநிலையாளர் என்ற பெயர்.
ஸ்ரீனிவாசன்: திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். வென்றிருந்தால் உச்ச நீதிமன்றத்தின் முதல் ஆசிய அமெரிக்கர்.

எதிர்த்தரப்புக்குச் சங்கடம்
கார்லண்ட்: குடியரசுக் கட்சி செனட்டர் ஆரின் ஹேட்சே 2010இல் புகழ்ந்தவர். மறுத்தால் சொந்தப் பேச்சே திரும்பி வரும்.
ஸ்ரீனிவாசன்: அந்த 97 ஓட்டைத்தான் நினைவூட்ட முடியும்.

ஒபாமா மார்ச் 16 அன்று கார்லண்டை அறிவித்தார். வயதானவர், மிதவாதி; எதிரணிக்கு நீட்டிய சமரசக் கை அது என்றே படிக்கிறேன். விசாரணைகூட நடத்தாமல் 2017 ஜனவரியில் பரிந்துரை காலாவதியாக விட்டார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

செனட்டில் எதிரணியினர் போதிய அளவு மனம் மாறுவார்கள் என்று நம்பினால் கார்லண்ட்தான் சரி. கதவு திறக்காது என்று தெரிந்தபின், வாக்காளரைத் தட்டியெழுப்ப ஸ்ரீனிவாசனே பொருத்தமாக இருந்திருப்பார்.