கடிதம் முதல் ஓனருக்குத்தான் போகும்: ஒரு பழைய செடானோடு சில வருடங்கள்

வண்டி 2012 மாடல் பெட்ரோல் செடான், ஜப்பானியக் கம்பெனி. 2018 கடைசியில் மதுரையில் ஒரு புரோக்கர் மூலமாக வாங்கினேன். அப்போது ஓடியிருந்தது அறுபதாயிரத்துச் சொச்சம். இப்போது ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறது. கம்பெனி பெயரையும் மாடல் பெயரையும் வேண்டுமென்றேதான் விடுகிறேன். பெயரைச் சொன்னால் "அதுக்கு இந்தக் கம்பெனியே தேவலையே" என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். நான் சொல்ல வந்தது ரீகால் பற்றி, அதாவது தயாரிப்பிலேயே வந்த கோளாறைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது பற்றி. அது எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும்.

முதலில் நல்லது. இன்ஜினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆயில், ஃபில்டர், கூலன்ட் நேரத்துக்கு மாற்றினால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது. ஊருக்குள் லிட்டருக்கு 11, 12. திருச்சி நான்குவழிச் சாலையில் தொண்ணூறைத் தாண்டாமல் போனால் 17 வரை கிடைக்கும். இ20 பெட்ரோல் (இருபது சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த பிறகு ஊருக்குள் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகள் பெரும்பாலும் இ20-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல, அதனால் சந்தேகம் நியாயம்தான். ஆனால் கோரிப்பாளையம் டிராஃபிக்கும் கூடிக்கொண்டே போகிறது, ஏசியை அணைத்து ஓட்டிய நாளும் நினைவில்லை. முழுப் பழியையும் எத்தனால் மேல் போட மனம் வரவில்லை.

குறைகள் என்று பார்த்தால், இந்த வயது வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லும் அதே பட்டியல்தான். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக்கென்று சத்தம்: லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் மாற்றினேன், போய்விட்டது. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. ஏசி கூலிங் காயில் ஒருமுறை லீக் ஆகி, டேஷ்போர்டைப் பாதி கழற்றிச் சரிசெய்ய வேண்டிவந்தது. இதுவரை ஆன செலவில் பெரியது அதுதான். நம்மூர் ஸ்பீடு பிரேக்கர் சிலவற்றில் ஐந்து பேரோடு போனால் அடி தட்டும். இதெல்லாம் பத்து வருடம் தாண்டிய வண்டியோடு வருவது. விலை பேசும்போதே ஒரு தொகையை இதற்கென ஒதுக்கி வைத்துவிட்டால் மனசு கஷ்டப்படாது.

ரீகால் அந்த வகையில் சேராது. அது தேய்மானம் அல்ல, பிறவிக் கோளாறு. கம்பெனியே ஒத்துக்கொண்டு, தன் செலவில் சரிசெய்து தருகிற விஷயம். செகண்ட் ஹேண்ட் வண்டியில் சிக்கல் என்னவென்றால், கோளாறு வண்டியோடு உங்களிடம் வந்துவிடும், அதைப் பற்றிய தகவல் மட்டும் முதல் ஓனர் வீட்டிலேயே நின்றுவிடும்.

என் வண்டி டி.என். 69, அதாவது தூத்துக்குடிப் பதிவு. வாங்குவதற்கு முன் சேஸிஸ் நம்பரை வைத்து ரீகால் உண்டா என்று பார்க்க நினைத்தேன். வண்டி விவரம் காட்டும் ஆப்பில் பார்த்தால் நம்பரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டுகிறது. புரோக்கரிடம் ஆர்சியை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். "எல்லாம் பார்த்தாச்சுண்ணே, கம்பெனி சர்வீஸ் வண்டி" என்றாரே தவிர, அனுப்பவில்லை. ஆர்சி கைக்கு வந்த வாரமே சேஸிஸ் நம்பரின் பதினேழு எழுத்தையும் கம்பெனி தளத்தில் அடித்துப் பார்த்தேன். வந்தது: பயணி பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் (பையை ஊத வைக்கும் பாகம்), மாற்றப்படவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனால், அட்வைசர் திரையை என் பக்கம் திருப்பினார். "சார், இதுக்கு ரொம்ப நாளா பெண்டிங் காட்டுது. போன் பண்ணியிருக்கோம், லெட்டரும் போட்டிருக்கோம்." யாருக்கு என்று கேட்டேன். முதல் ஓனருக்கு. அவர் வண்டியை விற்றே நாளாகிவிட்டது, அந்த நம்பரும் உபயோகத்தில் இல்லை. ஆர்டிஓ ஆபீசில் பெயர் மாற்றம் நடந்தால் அது கம்பெனிக் கணக்கில் தானாக ஏறாது. சர்வீசுக்கு விட்டு நாமே சொன்னால்தான் நம் பெயரும் போன் நம்பரும் அங்கே பதிவாகும். வெளிப் பட்டறையிலேயே எல்லா வேலையும் பார்க்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இந்த இன்ஃப்ளேட்டர் எதுவென்று சிலர் ஊகித்திருப்பீர்கள். ஏர்பேக் செய்துவந்த ஜப்பானியக் கம்பெனியான டாகாட்டாவுடையது. ஏர்பேக்கை நொடிக்கும் குறைவான நேரத்தில் ஊத வைக்க உள்ளே ஒரு வேதிப்பொருள் எரிந்து வாயுவாக மாற வேண்டும். டாகாட்டா அதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத இன்ஃப்ளேட்டர்களில், வெயிலும் ஈரப்பதமும் மாறி மாறிப் பட்டு, வருடக்கணக்கில் அந்த வில்லைகள் கெட்டுப்போகும். அப்புறம் எப்போதாவது வண்டி மோதும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூடே உடைந்து சில்லுகளாக முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். காப்பாற்ற வேண்டிய பொருளே ஆளைக் கொல்லும். 2014-ல் மலேசியாவின் சரவாக்கில் 2003 மாடல் ஹோண்டா சிட்டி ஓட்டிச் சென்ற கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே தெரியவந்த முதல் மரணம் அது. அமெரிக்காவில் மட்டும் ஆறரைக் கோடிக்கு மேல் இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. உலகம் முழுக்கச் சேர்த்தால் பத்துக் கோடியைத் தாண்டும். டாகாட்டா 2017 ஜூனில் திவாலானது.

அமெரிக்கர்கள் இந்த ரீகாலை நடத்தியபோது புளோரிடா, ஹவாய், மெக்சிகோ வளைகுடாக் கரை என்று வெக்கையும் ஈரமும் உள்ள இடங்களைத்தான் முதல் வரிசையில் வைத்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் தூத்துக்குடியையும் சென்னையையும் எங்கே வைப்பது? ஆண்டு முழுக்கக் கடற்காற்று, வருடத்தில் பாதி நாள் வெயிலில் நிற்கும் வண்டி. என் வண்டியின் அடிப்பகுதியில் உப்பு அரித்த தடம் கண்ணாலேயே தெரிந்தது. டேஷ்போர்டுக்குள் இருப்பது மட்டும் தப்பித்திருக்கும் என்று நினைக்க வழியில்லை.

இந்தியாவிலும் இது சின்ன எண்ணிக்கை அல்ல. ஹோண்டா 2017 ஜனவரியில் 2012-ல் தயாரான 41,580 கார்களையும், அடுத்த ஜனவரியில் 2013-ல் தயாரான 22,834 கார்களையும் அழைத்தது. அதற்கு முன்பும் பெரிய பட்டியல்கள் உண்டு. டொயோட்டா 2017-ல் கொரோலா ஆல்டிஸ் வண்டிகளை அழைத்தது. நிசானின் மைக்ரா, சன்னியும் இந்தக் கதையில் வந்துபோயின. இவை எல்லாமே இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற வண்டிகள். அழைத்தவற்றில் எத்தனை உண்மையில் வந்து சேர்ந்தன என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பார்ட் உடனே இல்லை. "வர்ற வரைக்கும் முன்சீட்டுல யாரையும் உட்கார வைக்காதீங்க சார்" என்று சொல்லி அனுப்பினார்கள். சில வாரம் வீட்டுக்காரம்மா பின்சீட்டில், நான் முன்னால் தனியாக. தெருமுனை அயர்ன் கடைக்காரர், டிரைவர் வேலைக்குச் சேர்ந்துவிட்டேனா என்றே கேட்டுவிட்டார்.

மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றார் டெக்னீஷியன். ஏன் என்றதற்கு, "உள்ள கொஞ்சம் சார்ஜ் நிக்கும்ண்ணே, அது இறங்கணும்" என்றார். பிறகு கிளவ் பாக்ஸை இறக்கி, கையை உள்ளே விட்டு மஞ்சள் கனெக்டரைப் பிடுங்கினார். ஏர்பேக் வயரிங்கை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அந்த மஞ்சள் நிறம். பட்டறையில் ஸ்டீரியோ மாட்டுகிறவர்கள் தொடக்கூடாத கனெக்டர் அது. வெளியே வந்த இன்ஃப்ளேட்டர் ஒரு சின்ன உலோக உருளை. கறை இல்லை, துரு இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் புதுசுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. எந்த மெக்கானிக்கும் இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பழசை ஒரு பெட்டியில் வைத்து, மேலே சேஸிஸ் நம்பரை எழுதி ஒட்டி, திருப்பி அனுப்ப எடுத்துக்கொண்டார்கள்.

வேலைக்குப் பணம் இல்லை. இரண்டாவது ஓனர், மூன்றாவது ஓனர் என்ற கேள்வியும் இல்லை, வாரண்டி முடிந்துவிட்டதே என்ற பேச்சும் இல்லை. ஆனால் ஜாப் கார்டில் ஏசி க்ளீனிங், வீல் அலைன்மென்ட், இன்ஜின் ட்ரெஸ்ஸிங் என்று கேட்காமலே மூன்று வரி சேர்ந்திருந்தது. கையெழுத்துப் போடும் முன் அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். ரீகாலுக்குப் போகிறவர்கள் அந்தத் தாளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இனி சட்டம். 2012-லிருந்து வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் வகுத்த நெறிப்படி கம்பெனிகள் தாமாக அழைப்பதுதான் வழக்கம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாய ரீகால் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரே மாடலில் ஒரே கோளாறு பற்றி ஓனர்கள் கொடுக்கும் புகார் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டால் அரசு விசாரித்து, ரீகால் செய்யச் சொல்லலாம். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். புகார் கொடுக்க அரசின் பரிவாகன் தளத்தில் தனிப் பகுதியே இருக்கிறது. நண்பர்களிடம் புலம்புவதோடு நிறுத்தாமல் அங்கேயும் பதிந்தால்தான் அது எண்ணிக்கையில் சேரும்.

நல்ல விதிதான், ஆனால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். டாகாட்டா மாதிரியான கோளாறு வண்டி பழசாகப் பழசாகத்தான் ஆபத்தாகிறது. வண்டி கைமாறுவதும், கம்பெனி சர்வீசை விட்டுப் போவதும் அந்த வயதில்தான். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் சட்டம் கையை எடுத்துக்கொள்கிறது. அப்போது மிஞ்சுவது கம்பெனியின் நல்லெண்ணம் மட்டுமே.

எல்லா ரீகாலும் உயிர்ப் பிரச்சினை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2013-ல் செவ்ரோலே டவேராவை ஒரு லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது புகை விவகாரத்துக்காக. அதே சமயம் அற்பமாகத் தெரிகிற புகாருக்குப் பின்னால் பெரிய ரீகால் இருக்கலாம். டொயோட்டா 2012 அக்டோபரில் உலகம் முழுக்க 74 லட்சம் வண்டிகளை அழைத்தது டிரைவர் பக்க பவர் விண்டோ சுவிட்சுக்காக. உள்ளே கிரீஸ் சீராகப் படவில்லை, அதனால் சுவிட்ச் இறுகிப்போகிறது. அதற்குக் கடையில் விற்கும் ஸ்ப்ரேயை அடித்தால் உருகிப் புகையும் அபாயம் உண்டு என்று கம்பெனியே எச்சரித்தது. நம் பட்டறைகளில் சுவிட்ச் இறுகினால் முதலில் கைக்கு வருவது எது என்று நினைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் மாருதி 17,362 வண்டிகளை ஏர்பேக் கன்ட்ரோலருக்காக அழைத்தபோது, மாற்றும் வரை ஓட்ட வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டது.

இன்னொரு சோதனை, காசில்லாதது. சாவியை ஆன் செய்ததும் டயலில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்: ஏற்கெனவே வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடிவிட்டு, விளக்கையும் பிடுங்கியிருக்கலாம். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

போன மாதம் மச்சான் ஒரு 2011 ஃபோர்டு ஃபிகோவை விலை பேசினான். மறைமலை நகரில் செய்த வண்டி. ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்திவிட்டாலும் சர்வீஸ் சென்டர்கள் இருக்கின்றன. 2013-ல் ஃபிகோவையும் கிளாசிக்கையும் சேர்த்து 1,66,021 வண்டிகளை, பின் சக்கரங்களை இணைக்கும் ட்விஸ்ட் பீமுக்கும் பவர் ஸ்டீயரிங் ஹோஸுக்குமாக அழைத்தார்கள். ஆர்சி போட்டோ வராமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்று மச்சானிடம் சொன்னேன். இந்த முறை வந்தது. நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்துக் கேட்டோம், வேலை முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. கிளட்ச்தான் தேய்ந்திருக்கிறது, அதைக் காட்டி எட்டாயிரம் குறைத்துக் கேட்டிருக்கிறான்.