மகால் தூணைக் காட்டிப் பேசுபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

சென்ற வாரம் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் போன் செய்தார். மேலூர் பக்கத்தில் மாமனார் விட்டுப்போன பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறாராம். "நல்ல விவரம் தெரிந்த ஆள் கிடைத்திருக்கிறார் டீச்சர். எங்களை மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்கே கூட்டிப்போய்த் தூணைக் காட்டி விளக்கினார்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னையும் ஒரு ஒப்பந்தக்காரர் அதே தூணடியில்தான் நிறுத்தினார். ஆளின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. நடந்ததைச் சொன்னால் ஆளை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

வீடு சோழவந்தானில் இருக்கிறது, என் அப்பத்தா வாழ்ந்தது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, கொஞ்சம் தள்ளி வெற்றிலைக் கொடிக்கால், அதற்கும் அப்பால் வைகை. திண்ணை, வாசலைத் தாண்டியதும் ரேழி என்ற நடை, முற்றம், முன்னும் பின்னுமாக இரண்டு கட்டு. மேலே மெட்ராஸ் டெரஸ். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, ஒரு அங்குலக் கனமே உள்ள சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் சாய்த்து வைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். எங்கள் வீட்டில் அதில் இரண்டு இடத்தில் ஒழுகியது. சுவரில் ஆங்காங்கே காரை பெயர்ந்திருந்தது. உண்மையில் நோய் அவ்வளவுதான். ஓய்வுபெற்ற பணம் கையில் இருந்தது, அப்பத்தா வீட்டைப் பழையபடி ஆக்க வேண்டும் என்ற ஆசை தலைக்கேறியிருந்தது. "இடித்துவிட்டு இரண்டு அறை கட்டினால் பாதிச் செலவு" என்றார் என் கணவர். அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

மகாலில் அந்த ஒப்பந்தக்காரர் பேசியதைக் கேட்டிருந்தால் நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியது, சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு, பிறகு சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை பழுதுபார்த்தது என்று வரிசையாக வந்தது. போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான், இந்தத் தூண் அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் மூத்தது என்று சொன்னவரும் அவர்தான். வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. என்னை விழவைத்தது அதுதான். வெளியே வந்ததும் ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். அதுவும் என் கணக்கில்தான் ஏறியிருக்கும்.

ஒன்பது லட்சம், நான்கு மாதம், முன்பணம் மூன்று லட்சம் என்று முடிவாயிற்று. எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு தாள். பூச்சைப் பற்றி அதில் ஒரு வரிதான்: 'சுவர்கள் பழைய முறைப்படி பூசித் தரப்படும்.' எது பழைய முறை, என்ன பொருள், எத்தனை பூச்சு, ஒன்றும் இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்தியவள், எழுவாயைத் தேடாமல் அந்த வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்ப் பார்ப்பேன். வாசலில் சுண்ணாம்புக் குவியல், சாந்தில் சேர்க்கப் பானையில் ஊறும் கடுக்காய், ஒரு கொட்டான் கருப்பட்டி எல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கும். ஒருமுறை முட்டை ஓடுகூடக் கிடந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. சித்தாட்கள் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டது என்று பின்னால் தெரிந்தது. ஆறு வாரமும் அந்தக் கடுக்காய்ப் பானையில் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை என்பதை நான் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை. சிமெண்ட் மூட்டைகள் பின்கட்டில் மாட்டுக் கொட்டகைக்குள், பழைய பாயால் மூடியிருந்திருக்கின்றன.

ஆறாவது வாரம், உத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது என்றார். ஒரு முனையைக் காட்டினார், மக்கித்தான் இருந்தது. மொத்தம் நான்கு உத்திரங்களை இறக்கிவிட்டு இரும்புக் கர்டர் ஏற்றினார். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. ஈரச் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் மக்கும். அந்த முனையை மட்டும் வெட்டிவிட்டுப் புது மரத்தை ஒட்டுப்போடலாம். இதையெல்லாம் நான் கற்றுக்கொள்வதற்குள் உத்திரங்கள் ஊரைவிட்டே போய்விட்டன. பக்கத்து வீட்டுச் சித்தி ராத்திரி லாரியைப் பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, "விறகுக்குப் போகிறது" என்றார்களாம். பழைய தேக்குக்கு என்ன விலை என்று எந்த மரக்கடையிலும் விசாரித்துப் பாருங்கள். ரேழிக் கதவின் பித்தளைக் குமிழ்களும் அதோடு போயின. அப்பத்தா அவற்றைப் பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்ப்பார்.

ஒழுகலை நிறுத்துகிறேன் என்று மாடியில் மூன்று அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போட்டார். நூறு சதுர அடிக்கு அது ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. கர்டர் இல்லாத அறைகளில் அத்தனையும் பழைய கட்டைகளின் தலையில்தான்.

குட்டு உடைந்தது எலக்ட்ரீஷியனால். சுவிட்சுப் பெட்டிக்காகச் சுவரை வெட்டினார். மேலே நகக்கன அளவு வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல் நிறப் பொடி கொட்டியது. "சிமெண்ட் பூச்சு நல்ல கெட்டி அம்மா, உளி இறங்கவில்லை" என்று பாராட்டிவிட்டுப் போனார். அதற்குள் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்திருந்தேன்.

கார்த்திகை மழையில் மிச்சமும் வெளியே வந்தது. பழைய வீட்டு அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு என்று எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் வாயை அடைத்துவிடும். ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறி, இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்து, பூச்சு செங்கல்லின் தோலையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. போன் செய்தேன். "புது வீட்டிலேயே ஈரம் வரும்" என்றார். அதன்பிறகு எடுக்கவில்லை.

வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான். குறை தெரிந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். ரசீது, வங்கிப் பரிமாற்றம், தேதியோடு எடுத்த படங்கள் வேண்டும். என்னிடம் பாதிப் பணத்துக்கு ரசீது இல்லை. மேலூர் டீச்சரிடம் நான் சொன்னது: தாளில் 'சிமெண்ட் சேர்க்கக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள், கழற்றும் மரம், கதவு, கல் எல்லாம் வீட்டுக்காரருக்கே என்று எழுதுங்கள், உத்திரங்களை எண்ணிப் படம் எடுத்து வையுங்கள், முதலில் ஒரே ஒரு சுவரைப் பூசச் சொல்லி, ஒரு மழை பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள். கிழமை சொல்லாமல் போங்கள். அப்படிப் போனால் ஒப்பந்தக்காரர் என்ன பேசுவார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

பிறகு சித்தி ஒரு பழைய கொத்தனாரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். எழுபது தாண்டியவர். நாள்கூலிதான், முன்பணம் கேட்கவில்லை. மகாலைப் பற்றிக் கேட்டேன். உள்ளே போனதே இல்லை என்றார். சிமெண்டைக் கொத்தி எடுக்கவே ஒரு மாதம் ஆயிற்று. சுண்ணாம்பு நீற்றும்போது பக்கத்தில் நிற்கவிட்டார். தண்ணீர் பட்டதும் கற்கள் உடைந்து தொட்டி உலைபோலக் கொதித்தது. கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும் என்று என்னை மூன்றடி தள்ளி நிறுத்தினார். மூன்று வாரம் ஊறிய பிறகு அது வெண்ணெய்போல வழிந்தது. கடுக்காயும் கருப்பட்டியும் புளித்த வாடை இன்னும் என் சேலையில் இருக்கிறது. இந்த முறை பானையில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. நானே ஊற்றி நிரப்பினேன்.

இந்த அக்னி நட்சத்திரத்தில் உள்கட்டில் பாய் விரித்துப் படுத்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை தேடினேன். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, தனக்கும் ஒரு தலையணை எடுத்துக்கொண்டு வந்தார்.

முன்கட்டில் இரண்டு சுவர்கள் இன்னும் சிமெண்டோடுதான் நிற்கின்றன. மாடி கான்கிரீட்டையும் இறக்க வேண்டும். கொத்தனாருக்கு முட்டி வலி, ஆவணிக்குப் பிறகு வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அந்தப் பக்கம் யாரையும் உட்காரவிடுவதில்லை.