நான்கு போர்ஷன் வீடா, இரண்டு ஃபிளாட்டா: ஒரு கோவைக் கணக்கு

கைச்சேமிப்பும் வங்கிக் கடனுமாக ஒரு கோடியே இருபது லட்சத்தைத் திரட்டிக்கொண்டு, வாடகை வருமானத்துக்காக 2021இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகச் சொத்துத் தேடியபோது, என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சரவணம்பட்டிப் பக்கம் இரண்டு ஃபிளாட்டுகள். மற்றொன்று, பேரூர் சாலையை ஒட்டிய தெருவில் நான்கு சென்டில், கீழே இரண்டும் மேலே இரண்டுமாக நான்கு போர்ஷன் கொண்ட பழைய வீடு. நான் வீட்டை வாங்கினேன். அதே ஆண்டில் பெங்களூரில் இருக்கும் என் மைத்துனர் ஃபிளாட்டுகளை வாங்கினார். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. அவருக்கு மாதம் 36,000 வந்து, பராமரிப்புக்கு 6,000 போகிறது. எனக்குப் போர்ஷனுக்கு 8,000 வீதம் 32,000 வருகிறது. ஒரு குடும்பம் காலி செய்தால் அவருக்குப் பாதி வருமானம் நிற்கும், எனக்குக் கால் பங்குதான் நிற்கும். நான்கு சென்ட் மண்ணும் முழுதாக என் பெயரில் இருக்கிறது. அவருக்கு உள்ளது, குடியிருப்பின் மொத்த நிலத்தில் மற்ற ஃபிளாட்காரர்களோடு பொதுவாக இருக்கும் பிரிபடாத பாகம்.

முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். குடிவர நினைப்பவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே “சிறுவாணித் தண்ணி வருதுங்களா?” என்று கேட்கும் ஊர் இது. குடிக்க அது போதும். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும். நான் வாங்கியபோது ஒரே மோட்டார், மாடியில் ஒரே தொட்டி, அதிலிருந்து நான்கு போர்ஷனுக்கும் ஒரே குழாய். கீழ் வீட்டில் துணி துவைக்கும் நாளில் மேல் வீட்டுக் குழாயில் காற்றுதான் வந்தது. காலை ஆறு மணிக்கே எனக்குப் போன் வந்துவிடும். போதாக்குறைக்கு மோட்டாரின் கரண்டு கீழ் வீட்டு மீட்டரில் ஓடியதால், அந்தக் கணக்குக்காக மாதந்தோறும் ஒரு சண்டை. முதல் ஆண்டிலேயே 68,000 செலவழித்து, ஆளுக்கு 500 லிட்டர் தொட்டியும் தனிக் குழாயும் போட்டு, மோட்டாருக்குத் தனி மின் இணைப்பு வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லை நான்காகப் பிரித்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. அப்படியும் உப்புப் படிந்து மிதவை வால்வு சிக்கிக்கொள்வதும், தொட்டி வழிந்து சுவர் ஊறுவதும் அவ்வப்போது உண்டு. 2023 சித்திரையில் மோட்டார் எரிந்தது; அறுநூறு அடியிலிருந்து மேலே தூக்கிக் காயில் கட்டி இறக்கும்வரை லாரித் தண்ணீர்தான். கோவை மோட்டார் செய்யும் ஊராக இருப்பதால் மூன்றாம் நாளே வேலை முடிந்தது, அந்த மட்டில் பாக்கியம்.

என் மைத்துனருக்கோ மோட்டார் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வெளியூரில் இருப்பவருக்கு அந்த நிம்மதி பெரிதுதான். ஆனால் ஒரு ஃபிளாட் நான்கு மாதம் பூட்டிக் கிடந்தபோதும் பராமரிப்புத் தொகையை அவர் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

இன்னொன்று: சொத்து வரியைக் கழித்தபின் மீதமுள்ள வாடகையில் 30 சதவீதத்தை, செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும், வருமான வரிச் சட்டம் கழிக்க அனுமதிக்கிறது. என் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம்; மோட்டார் எரிந்த ஆண்டிலும் என் பழுதுச் செலவு அதன் பாதியைத் தொடவில்லை.

விற்பனையைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியாது, இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. மண்ணுக்கு விலை கிடைக்கும் என்று நம்புகிறேன். கட்டடத்துக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம், வாங்குபவரின் வங்கி மேல்தளத்துக்கான வரைபட அனுமதியைக் கேட்டு நிறுத்தவும் செய்யலாம். லிஃப்ட் பழசாகும்போது ஃபிளாட்காரர்களுக்கு என்ன செலவு வரும் என்பதும் என் அனுபவத்தில் இல்லை.

இப்போது இன்னொரு போர்ஷன் வீடு பார்த்து வைத்திருக்கிறேன். மார்கழியிலேயே முன்பணம் கொடுக்கச் சொன்ன தரகரிடம், பங்குனியில் வந்து ஒரு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.